பஸ் ஓட்டியவருக்குப் பெரிதாகிப்போன கார்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதத்தான் கை போனது, ஆனால் இந்தக் கடிதத்திலாவது உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருப்பதால் இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த விதம் மனசை விட்டுப் போகவில்லை. ஒரு வாரம் உக்காந்து அவ்வளவு பாத்து அனுப்பினேன், கடைசில உங்க இஷ்டப்படிதானே செஞ்சீங்க, இனிமே என்னை ஒண்ணும் கேக்காதீங்க என்று சொன்னாய். உன் கோபத்தில் தப்பில்லை. உனக்கு ஒரு விஷயம் தெரியாது, அதை நாங்கள்தான் மறைத்தோம். போனில் சொல்லலாம் என்றால் உன் போன் வந்ததுமே உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுகிறார். இந்த வீட்டில் அவர் காதுக்கு எட்டாத இடம் என் தையல் மெஷின் சத்தம் மட்டும்தான். இப்போதுகூட யூனிபார்ம் துணிக்கு நடுவில் தாளை வைத்துக்கொண்டு, நடுநடுவே மெஷினை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய அட்டவணையைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் பல் டாக்டருடைய பெரிய கார், எட்டு வருஷம் ஓடியது, இன்னொரு பக்கம் ஷோரூமில் இருந்த புதுசு, சின்னது. டிக்கி, மைலேஜ், எத்தனை பேர் உட்காரலாம், இடித்தால் எது தாங்கும், திருப்பி விற்றால் என்ன வரும் என்று ஒன்று விடாமல் போட்டிருந்தாய். எல்லாக் கட்டத்தையும் கூட்டிப் பார்த்தால் பெரிய கார்தான் நல்லது என்று வந்தது, எங்களுக்கும் அதுதான் சரியென்று பட்டது. அதில் அப்பாவின் கண்ணுக்கு ஒரு கட்டம் இல்லை. சொன்னால்தானே நீ போடுவாய்?

போன வருஷம் நம் பழைய கார் கேட்டில் உரசியது ஞாபகம் இருக்கிறதா? கேட்டை யாரோ சரியாகத் திறக்கவில்லை என்று அப்பா உன்னிடம் சொன்னார். அதற்கப்புறம் இரண்டு தடவை உரசியது, அதை உன்னிடம் சொல்லவில்லை. மூன்றும் இடது பக்கம். டீ டம்ளரைத் தட்டிவிடுவதும் இடது பக்கம், கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வதும் இடது பக்கம். ஒருவர் உடம்பில் எந்தத் தோள் ஒரு விரல் இறங்கியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே வயிறு வளர்த்தவள் நான், எனக்கு இது புலப்படவே ஆறு மாசம் ஆனது. கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் பார்த்துவிட்டுக் கண்ணில் கோளாறில்லை என்று வேறொரு டாக்டரிடம் அனுப்பினார். அவர் படம் எடுத்துப் பார்த்தார். தலைக்குள்ளே சின்னதாக ஒரு ரத்தக்குழாய் எப்போதோ அடைத்திருக்கிறது, அதனால் இரண்டு கண்ணுக்குமே இடது பக்கம் பாதி தெரியாது, இருட்டாகக்கூடத் தெரியாது, அங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் இவருக்குத் தோன்றும் என்றார். இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை உங்கப்பா நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், சட்டையோடு துவைக்கப் போட்டுவிட்டார். குழந்தைகிட்ட சொல்லாதே, அங்க இருந்துக்கிட்டு அது என்ன பண்ணும் என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பழைய காரை இரும்புக் கடைக்காரன் எடுத்துக்கொண்டு போனபோது சரி, விட்டது தொல்லை என்று நினைத்தேன். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் உங்கப்பாவோடு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் யூனிபார்ம் மூட்டைகள். வாடகை வண்டிக்காரர்கள் மூட்டையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அப்போதுதான் நீ, பாதிப் பணம் நானே தர்றேன், ஒரு கார் வாங்குங்க என்றாய். அன்றைக்கு உங்கப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க, திரும்பிப் பாத்தா தெரியுதுல்ல, நான் திரும்பிப் பாத்தே ஓட்டறேன் என்றார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர், ஒரு கீறல் விழாமல் ஓட்டியதற்கு டிப்போவில் கொடுத்த கைக்கடிகாரத்தை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். அவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லை, அதுவும் பொய். வாய் வந்தது, தெம்புதான் வரவில்லை. மாத்திரை, சமையல், தையல், அவரோடு மல்லுக்கட்டு என்று நாள் போகிறது, எதிலாவது ஒன்றில் விட்டுக்கொடுத்தால்தான் மற்றதைச் செய்ய முடிகிறது. நான் தலையை ஆட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டல் என் தப்பு, அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பல் டாக்டரின் காரை ஓட்டிப் பார்க்கப் போனோம். அப்பா ஸ்டியரிங்கில், டாக்டர் அவர் பக்கத்தில், நான் பின்னால் இடது ஓரம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கார். சீட்டெல்லாம் சோபா மாதிரி இருந்தது. எனக்கு இருக்கும் கெட்ட பழக்கம், உட்கார்ந்ததுமே நாடாவை எடுத்து சீட்டை அளந்துகொண்டிருந்தேன், உறை தைக்கலாமென்று. பின் சீட்டில் மூன்று பேருக்கு இடம், அதில் நீ, மாப்பிள்ளை, குட்டி என்று மனசுக்குள் உட்கார்த்தி வைத்து மூன்று துண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மருந்துக் கடை முனையில் அப்பா இடது பக்கம் திருப்பினார். திரும்பிப் பார்க்கிறேன் என்று சொன்னவர் பார்க்கவில்லை. அங்கே ஒன்றுமில்லை என்று தோன்றும்போது யார்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நான் நாடாவிலிருந்து தலையைத் தூக்கினால் ஜன்னலுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடப் பெண், சைக்கிளில், என் முகத்துக்கு நேரே. எங்கிருந்து அந்தக் குரல் வந்ததென்று தெரியவில்லை, நிறுத்துங்க என்று கத்தினேன். நின்றது. சைக்கிள் கைப்பிடி கதவில் பட்டது, அவ்வளவுதான், அந்தப் பெண் காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள். பாத்து ஓட்ட மாட்டீங்களா தாத்தா என்று மட்டும் கேட்டாள், விழுந்த பையை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பன்னிரண்டு வயசு இருக்கும். அவள் போட்டிருந்தது நான் தைத்த யூனிபார்ம். என் தையல் எனக்குத் தெரியாதா.

பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன, உங்கப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் என்ஜினை நிறுத்தினார், சாவியை எடுத்து டாக்டர் கையில் வைத்தார், இறங்கிச் சுற்றி வந்து பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். டாக்டர்தான் எங்கள் வீட்டு வாசல் வரை ஓட்டி வந்தார். இறங்கும்போது, வண்டி பெருசா இருக்கு டாக்டர், நமக்கு சரிப்படாது என்றார். அம்பது பேரை ஏற்றிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் நுழைந்து வந்த மனுஷன். டாக்டர் என்னைப் பார்த்தார். நான், ஆமாங்க எனக்கும் அப்பவே தோணிச்சு, ரொம்பப் பெருசு என்றேன். நாங்கள் கல்யாணமான நாளாக ஒத்துப்போன விஷயங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், இதில் ஒத்துப்போனோம். அன்றைக்கு உள்ளே வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அழுதேன், அவர் கேட்கக்கூடாது என்று மெஷினை வெறுமனே ஓட்டிக்கொண்டு அழுதேன்.

இப்போது புரிகிறதா சின்ன கார் ஏன் என்று? அதில் கிளட்ச் இல்லை, கியர் மாற்ற வேண்டாம், நான் ஓட்டுவதற்காக வாங்கியது. ஐம்பத்தேழு வயசில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன், உன்னிடம் சொல்லாமல். சொல்லிக்கொடுத்த அம்மா ரொம்பப் பொறுமைசாலி, அப்படிப்பட்டவளையே நான் அலற வைத்தேன். தையல் மெஷினில் பெடலில் இருந்து காலை எடுத்தால் மெஷின் நின்றுவிடும், அந்தப் பழக்கத்தில் நானும் காலை எடுத்துவிட்டுக் கார் நிற்கும் என்று காத்திருந்தேன். அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பதறிப்போய், மெஷினை நிறுத்தச் சக்கரத்தில் கை வைப்போமே, அது மாதிரி வலது கையால் சக்கரத்தைத் தேடுகிறேன், கையில் கதவுதான் அகப்பட்டது. மைதானத்து ஓரத்தில் இருந்த தண்ணீர் டிரம்மை முட்டிச் சாய்த்துவிட்டுத்தான் நின்றோம். அந்த அம்மா, பிரேக்னு ஒண்ணு இருக்குங்க என்று மெதுவாகச் சொன்னாள். நீ சிரிப்பாய், சிரி. உங்கப்பா சிரிக்கவில்லை. மூன்று நாள் மைதானத்து பெஞ்சில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலாவது நாள் எழுந்து வந்து, திருப்பறப்ப கண்ணாடியை மட்டும் நம்பாதே, கழுத்தைத் திருப்பிப் பாரு என்று சொல்லிவிட்டுப் போய் மறுபடி உட்கார்ந்துகொண்டார். லைசென்ஸ் இரண்டாம் தடவைதான் கிடைத்தது.

நாங்க வந்தா எல்லாரும் எதுல போறது என்று நீ கேட்டது நியாயம்தான். கோபப்படாமல் கேள். பிள்ளைகளுக்குத் தைக்கும்போது உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைப்போம், வளர்ந்தால் பிரித்து விட. இந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் வாங்கினோம், கட்டில் பெரிசு, சாப்பாட்டு மேஜைக்கு ஆறு நாற்காலி, குக்கர் பெரிசு. நாலு வருஷமாகத் தினமும் அந்த நாற்காலிகளைத் துடைக்கிறேன், உட்காரத்தான் ஆளில்லை. குறை சொல்லவில்லை கண்ணு, உன் வேலை, குட்டி பள்ளிக்கூடம், எல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஒன்றையாவது எங்கள் இரண்டு பேர் அளவுக்கு வெட்டிக்கொள்கிறோம். நீங்கள் வந்தால் நெருக்கி உட்காரலாம், குட்டி மடியில்.

கார் வந்து பத்து நாள் ஆகிறது. முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டினேன், அப்பா என் இடது பக்கம், பெல்ட்டைப் போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அதே மருந்துக் கடை முனை, அதே இடது திருப்பம். நான் நிறுத்தினேன். அவர் அந்தப் பக்கம் பார்த்த மாதிரி பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் யாரும் இல்ல, போ என்றார். பஸ்ஸில் கண்டக்டர் விசில் கொடுப்பாரே அந்த மாதிரி, அவ்வளவு உறுதியாக. நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவர் ஜன்னலை ஒட்டி ஒருத்தி குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறாள். பிரேக்கில் இருந்து காலை எடுக்காமல், இருங்க, கண்ணாடியைச் சரி பண்ணிக்கறேன் என்று சொல்லி, சரியாக இருந்த கண்ணாடியை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தேன். அவள் தாண்டிப் போனதும், போகலாமாங்க என்றேன். அப்பவே போன்னு சொன்னேனே, இவ்வளவு நேரமா என்றார்.

வேறொன்றும் இல்லை. குட்டியின் அளவை மாப்பிள்ளையிடம் சொல்லி நாடா வைத்து எடுத்து அனுப்பு, நீயாகக் குத்துமதிப்பாகச் சொல்லாதே. வேலை வேலை என்று சாப்பாட்டை விட்டுவிடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அதைத்தான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். படித்ததும் இந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்தாதே, கிழித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், ஸ்பீக்கர் போட்டிருக்கும். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. நீங்க சொன்னதுதான்ப்பா சரி, அந்த வண்டி ரொம்பப் பெருசு என்று நீயும் ஒரு தடவை சொல்லிவிடு. நாங்கள் இரண்டு பேர் மட்டுமே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு
உன் அம்மா