பத்து மில்லிமீட்டரில் எங்கள் வீடு

ஜூலை 4, வெள்ளி

யார் கையில் இது கிடைத்தாலும் சரி, தயவுசெய்து இந்தப் பக்கத்தோடு மூடிவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். இந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அம்மாவும் அப்பாவும் மட்டும்தான். எனக்குப் பயமே அவர்களிடம்தான்.

விஷயம் ஒரு லென்ஸில் ஆரம்பித்தது. ரமேஷ்பாபு மாமா தன் பழைய கேமராவைக் கொடுத்தபோது, வைட் ஆங்கிள் லென்ஸ் ஒன்றை நீயே தேர்ந்தெடு, மாதக் கடைசியில் வாங்கித் தருகிறேன் என்றார். பள்ளி போட்டோ கிளப்பில் கிடர்பூர், காளிகாட் பக்கத்துப் பழைய வீடுகளைப் படமெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே சந்துகளில் பின்னால் நகர இடமே கிடையாது. சாதாரண லென்ஸில் ஒரு ஜன்னல் வரும், கதவு வராது.

எதை வாங்குவது? பத்திலிருந்து பதினெட்டு மில்லிமீட்டர் ஜூம் என்கிறார் ஒருவர். ஒரே அளவுள்ள பதினான்குதான் கூர்மை என்கிறார் இன்னொருவர். இணையத்தில் பதினோரு பேர் பேசியதைக் கேட்டேன். பன்னிரண்டு விதமாகக் குழம்பினேன்.

அதனால் தர்மதலா கேமரா சந்தில் அந்த ஜூமை வாடகைக்கு எடுத்தேன். முதல் படம் எங்கள் கட்டடம்தான். எதிரே தெருக்காரர்கள் கேரம் ஆடும் கிளப்பின் வாசலில் நின்று, கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்தேன்.

படத்தில் எங்கள் ஐந்து மாடியும் வலது பக்கம் சாய்ந்து, பக்கத்து மஞ்சள் வீட்டின் காதில் ரகசியம் சொல்வது போல நிற்கிறது.

ஜூலை 5, சனி

போட்டோ கிளப்பில் என்னோடு இருக்கும் ஸ்ரேயஷிக்கு அனுப்பினேன். வயிறு வலிக்கச் சிரித்தாளாம். வைட் லென்ஸை மேலே தூக்கினால் கட்டடம் எல்லாம் நடுவைப் பார்த்துச் சாயும், இது கூடத் தெரியாமல் லென்ஸ் வாங்க வந்துவிட்டாயா என்று எழுதினாள். போட்டோ கிளப் ஸாரும் அதையே சொன்னார். இடது ஓரத்தில் இருப்பது வலப்பக்கம் சாயும், வலது ஓரத்தில் இருப்பது இடப்பக்கம். உயரமான வீட்டில் இன்னும் அதிகம்.

என் படத்தில் எங்கள் வீடு இடது ஓரத்தில்தான் இருக்கிறது. அப்பாடா.

ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்குத் தோசை. அம்மா திட்டிக்கொண்டே வார்த்தாள். மாவு தானாக ஒரு பக்கம் ஓடித் தடிக்கிறது. கல்லில் எண்ணெயும் அங்கேயே போய்த் தேங்குகிறது. அடுப்பின் கால் சரியில்லை என்று பழைய காலண்டர் அட்டையை மடித்து அடியில் வைத்தாள். போன மாதம் ஒரு மடிப்பு இருந்தது. இன்று மூன்று.

எண்ணெய் ஓடுவது மஞ்சள் வீட்டுப் பக்கம்.

என் அறைக் கதவையும் இப்போதெல்லாம் தூக்கிப் பிடித்தால்தான் தாழ் விழுகிறது. மழையில் மரம் ஊதியிருக்கும் என்றாள் அம்மா. இருக்கலாம். ஆனால் நாங்கள் குடிவந்த பிறகு இது மூன்றாவது மழைக்காலம். முதல் இரண்டிலும் ஊதவில்லையே?

ஜூலை 9, புதன்

அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

முதலில் சிரித்தார். அப்புறம் போனை வாங்கி, பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார். அந்தச் சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை.

"லென்ஸ் கோளாறும்மா இது. அழிச்சிரு. யார்கிட்டயும் காட்டிட்டுத் திரியாத."

லென்ஸ் கோளாறு என்றால் ஏன் அழிக்க வேண்டும்?

அப்பா கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் வேலை பார்க்கிறார். பதினெட்டு வருடம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு இந்த வீட்டை வாங்கினார். சொந்த வீடு என்று ஊருக்குப் போன் போட்டு இரண்டு முறை சொன்னார். இங்கே குடியிருப்போர் கமிட்டிக்கு அவர்தான் செகரட்டரி. போன மாதம் ப்ரமோட்டர், இந்தக் கட்டடத்தைக் கட்டி விற்றவர், ஒரு காகிதம் கொண்டுவந்தார். கட்டடத்தில் எந்தக் குறையும் இல்லை, எல்லாரும் திருப்தியாக இருக்கிறோம் என்று அதில் இருந்தது. ரயில்வே ஆபீஸர் கையெழுத்து என்றால் அதற்கே தனி மதிப்பு தாதா (இங்கே அண்ணாவை அப்படித்தான் சொல்வார்கள்) என்று ப்ரமோட்டர் சொன்னதும் அப்பா பேனாவைத் திறந்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் கீழ்வீட்டு கோஷ் காக்கு (காக்கு என்றால் சித்தப்பா) எல்லா மாடிக்கும் சந்தேஷ் இனிப்பு கொடுத்தார். நானும் இரண்டு தின்றேன்.

இங்கே முன்பு ஒரு புகுர் இருந்ததாக, குளம், அல்லியெல்லாம் பூத்த குளம், காக்கு ஒரு முறை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு எனக்கு அது அழகான செய்தியாகத் தெரிந்தது.

ஜூலை 11, வெள்ளி

லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் இந்தியில், கட்டடம்தான் உன் விருப்பம் என்றால் ஷிஃப்ட் லென்ஸ் என்று தனியாக ஒன்று உண்டு, கேமராவைத் தூக்காமலே உயரமான கட்டடத்தைப் பிடிக்கும், கோடு எல்லாம் நேராக வரும் என்றார். பள்ளிப் பிள்ளைக்கு அதை வாடகைக்குத் தரமாட்டாராம். விலை மாமாவால் ஆகாது.

வீடே கோணலாக இருந்தால் அந்த லென்ஸ் என்ன காட்டும் என்று கேட்டேன். கோணலைக் கோணலாகக் காட்டும், பின்னே அதற்குத்தானே அது என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் சில நாள் இந்த ஜூமே இருக்கட்டும் என்று திரும்ப வாங்கி வந்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

ஒன்றும் புரியவில்லை. லென்ஸ் பொய் சொல்கிறதா, வீடா, அப்பாவா?

ஜூலை 15, செவ்வாய்

மாமா போன் செய்தார். முடிவு பண்ணினியா இல்லையா, ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிற அளவுக்கு யோசிக்கிறியே என்றார். இன்னும் இல்லை மாமா என்றேன்.

காளிகாட்டில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கவனித்தேன். ஒரே பச்சை ஜன்னல் வீடு இரண்டு படத்தில் இருக்கிறது. இடது ஓரத்தில் வந்த படத்தில் அது வலப்பக்கம் சாய்கிறது. வலது ஓரத்தில் வந்ததில் இடப்பக்கம். இரண்டிலும் ஒரே அளவு. ஸார் சொன்னது அப்படியே.

அப்படியானால் லென்ஸ் சாய்ப்பது ஓரத்துக்கு ஓரம் மாறும். வீடே சாய்ந்திருந்தால்? அது மாறாதே. படத்தின் எந்த ஓரத்தில் வந்தாலும் அதன் சாய்வு ஒரே பக்கம்தானே.

எனக்கு வேறு எந்த லென்ஸும் வேண்டாம். இதுவே போதும். போதுமா?

ஜூலை 16, புதன்

மாலையில் மழை விட்டதும் கிளப் வாசலில் நின்றேன். ஒரே இடம், ஒரே உயரம். எங்கள் கட்டடம் இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று. மஞ்சள் வீட்டையும் அதே மாதிரி இரண்டு. கேரம் ஆடிக்கொண்டிருந்த கோஷ் காக்கு, ஃபோட்டோகிராஃபர் மேடம், நம் மாளிகையை இப்படி விழுந்து விழுந்து எடுக்கிறாயே, கண் பட்டுவிடப் போகிறது என்றார். சிரித்து வைத்தேன்.

மஞ்சள் வீடு முதல் படத்தில் வலப்பக்கம் சாய்ந்தது. அடுத்ததில் அதே அளவு இடப்பக்கம்.

எங்கள் வீடு முதல் படத்தில் வலப்பக்கம், நிறைய. அடுத்ததில் கிட்டத்தட்ட நேராக நின்றது. அட்டென்ஷனில் நிற்பது போல.

அந்தப் படத்தில் அது நேராக நிற்கக் கூடாது. மஞ்சள் வீடு போல இடப்பக்கம் சாய வேண்டும். சாய்ந்திருந்தால் நாங்கள் பிழைத்தோம்.

ஜூலை 17, வியாழன்

சொல்லவில்லை.

ஜூலை 19, சனி

இன்றும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவின் கையெழுத்து என்ன ஆகும்? வீட்டை விட்டு எல்லாரும் போக வேண்டியிருக்கும். எங்கே போவது? இவர் கையெழுத்துப் போட்டார், இவர் பெண்ணே காட்டிக்கொடுத்தாள் என்பார்கள். ஒருவேளை நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால்? பதினாறு வயதுப் பெண், இரவல் கேமரா, வாடகை லென்ஸ். எஞ்ஜினியரா நான்?

கோஷ் காக்குவின் பேத்திக்கு ஏழு மாதம். என்னைப் பார்த்தால் கேமரா வாரைப் பிடித்து வாயில் வைத்துக்கொள்ளும். அவர்கள் கீழே இருக்கிறார்கள், எங்கள் நான்கு மாடிக்கும் அடியில்.

பக்கத்து அறையில் அப்பா புரண்டு படுக்கும் சத்தம் கேட்கிறது. அவரும் தூங்கவில்லையோ?

ஜூலை 21, திங்கள்

நான்கு படங்களையும் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பென்சிலால் இடது, வலது என்று எழுதி, அப்பாவின் ஆபீஸ் பையில் டிபன் டப்பாவுக்குக் கீழே வைத்தேன். வேறெதுவும் எழுதவில்லை. அப்பாவுக்குப் படம் பார்க்கத் தெரியும்.

பள்ளியில் கெமிஸ்ட்ரி டெஸ்ட். என்ன எழுதினேன் என்று ஞாபகமே இல்லை.

ஜூலை 21, இரவு

அப்பா ஏழு மணிக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. சட்டைகூட மாற்றாமல் சமையலறைக்குப் போய், அடுப்புக்கு அடியில் இருந்த காலண்டர் அட்டையை உருவினார். பிரித்தார். இப்போது நான்கு மடிப்பு. அம்மா, ஏன் அதை எடுக்கிறீங்க, குழம்பு கொதிக்குது என்றாள். அவர் அதை மடித்துத் திரும்ப வைத்துவிட்டு, தூக்குக்குண்டு போலக் கட்டித் தொங்கவிட நூல்கண்டும் பூட்டும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். அரை மணி நேரம்.

இறங்கி வந்தவர் எங்கள் வாசலில் நிற்கவில்லை. செருப்புச் சத்தம் அப்படியே கீழே போனது.

நான் உள்ளே வந்து தாழ் போட்டுக்கொண்டேன். மாமாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன்: பத்து–பதினெட்டு ஜூமே போதும் மாமா, அது எப்படிச் சாய்க்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். ஏன் இந்த நேரத்தில் இதை அனுப்பினேன்?

கீழே கதவு தட்டும் சத்தம். கோஷ் காக்கு வீடு. அப்பாவின் குரல், அவருடைய ஓட்டை பெங்காலியில். குழந்தை அழுகிறது. யாரோ உரக்கக் கேட்கிறார்கள், நீங்கள்தானே தாதா கையெழுத்துப் போட்டீர்கள் என்று. அப்பா ஆமாம் என்கிறார். அவ்வளவுதான் சொல்கிறார், ஆமாம்.

இப்போது முதல் மாடியில் தட்டுகிறார்.

இரண்டாவது மாடி. கதவு திறக்கிறது. அப்புறம் ஒரே பேச்சு. பீரோ இழுபடுகிறது.

மூன்றாவது.

படி ஏறி வருகிறார். அம்மாவிடம் ஏதோ சொல்கிறார். அம்மா அடுப்பை அணைக்கிறாள்.

என் கதவு.

"பூர்ணி, அந்தக் கேமராவ எடுத்துக்கிட்டு வாம்மா. எல்லாரும் கீழ நிக்கிறாங்க. எனக்கு விளக்கிச் சொல்ல வரல. நீயே சொல்லு."

தாழ் வரவில்லை. தூக்க வேண்டும். வெளியிலிருந்து அப்பாவும் தூக்குகிறார்.