மேஜைமேல் கிடந்த ஜூனோ

அன்புள்ள அம்மாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்கு முதல். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியை எழுதிவிடுவது என் வழக்கம், இந்தத் தடவை கை வரவில்லை. பதறாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை, இருவரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவேன், நீ வேறு ஏதோ நினைத்துப் பயந்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதச் சொன்னதும் உன் அம்மாதான், ஏன் சொன்னாள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அம்மாவின் காசுப் பைத்தியம் உனக்குத் தெரியும். முப்பது வருஷம் பல் செட் செய்யும் கூடத்தில் மெழுகைச் செதுக்கினவள், ஓய்வு பெற்ற அன்று பல் டாக்டர் ஒரு பழைய ரோமாபுரிக் காசைக் கொடுத்தார் அல்லவா, பாம்புக்குத் தட்டில் தீனி வைக்கிற ஆரோக்கியத் தேவதை என்று, அதில் ஆரம்பித்தது. நீ கிளம்பும்போது ஏழெட்டு இருந்தன, இப்போது நாற்பத்தொன்று. ஒரு பக்கம் ராஜாவின் தலை, அது இவளுக்கு ஒரு பொருட்டே இல்லை, மறுபக்கத்தில் சாமி இருக்க வேண்டும். துடுப்பைப் பிடித்த அதிர்ஷ்ட தேவதை, தலைக்கவசம் போட்ட மினர்வா, இறக்கை வைத்த வெற்றித் தேவதை என்று ஒவ்வொருவருக்கும் மரப்பெட்டியில் ஒரு குழி. நான் சாப்பிட்டேனா என்று கேட்க மறந்தாலும் அவர்களைத் துடைக்க மறக்கமாட்டாள் என்று நான் கேலி செய்வேன். ஜூனோவுக்காக மட்டும் நாலு வருஷமாக அலைந்தாள். தேவர்களுக்கெல்லாம் ராணியாம், காலடியில் மயில் நிற்குமாம். கிடைக்காத காசு இல்லை, ஆனால் இவளுக்கு மயிலின் கொண்டைகூடத் தேயாமல் இருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை காசு சேர்ப்பவர்களின் சங்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சி வைத்தது, அம்மாவுக்கும் ஒரு மேஜை கொடுத்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கூப்பிடாதவள் நீங்களும் வாங்க என்றாள், நானும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மேஜைக்குக் கருநீலத் துணி விரித்தது நான்தான். அங்கே போனால் உன் அம்மாவுக்கு இருக்கிற மரியாதையைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டேன். தபால்தலை விற்கிற ஒருவர் கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவாங்க பாருங்க என்று கூட்டத்தைக் கூட்டினார், இவளும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு காசாகக் கட்டைவிரலால் தடவி இது மினர்வா, இது சூரியன், இவரு காலு கொஞ்சம் தேஞ்சு போச்சு என்று சொல்லச் சொல்ல ஒன்றுகூடத் தப்பவில்லை. கைதட்டினார்கள் அம்மாடி. எனக்குப் பெருமை தாங்கவில்லை, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம் என் வீட்டுக்காரம்மாதாங்க என்று இரண்டு தடவை சொன்னேன்.

கூட்டம் கலைந்த பிறகுதான் அது நடந்தது. காசுக் கடைக்காரர் வந்தார், எப்போதும் கழுத்தில் லென்ஸைத் தொங்கவிட்டிருப்பாரே, அம்மா லென்ஸ்காரர் என்பாளே, அவர்தான். இந்தாங்கம்மா உங்க மகாராணி என்று ஒரு வெள்ளிக் காசைத் துணிமேல் வைத்தார், நான் நின்ற இடத்திலிருந்தே மயில் தெரிந்தது. அம்மாவின் முகம் மலர்ந்துபோய், எங்க, குடுங்க குடுங்க என்றாள். காசு அவளுக்கு ஒரு ஜாண் தள்ளி, வலதுகைப் பக்கம் கிடக்கிறது. விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டுதான் துணியைத் துழாவினாள், கை காசைத் தாண்டிப் போனது, திரும்பி வந்தது, தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டது. லென்ஸ்காரர் காசை மெல்ல நகர்த்தி அவள் விரலுக்கடியில் கொண்டுபோய் வைத்தார், தினமும் செய்கிற வேலைபோல. அம்மா தடவிப் பார்த்து, அடடா கொண்டைகூட இருக்கே என்று சிரித்தாள். நான் சிந்திய தண்ணீரைத் துண்டால் ஒற்றிவிட்டு, அதைப் பிழிகிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

அவரை மாடிப்படியில் நிறுத்தி, உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும் என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். எட்டு மாசமா லென்ஸ் கேக்கறதில்லைங்க, தடவிப் பாத்துத்தான் வாங்கறாங்க, யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க, நான் என்ன பண்ண என்று அவர் கண் கலங்கினார். எட்டு மாதம்! கடையில் காசு விற்கிற மனிதருக்குத் தெரிந்திருக்கிறது, ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிற எனக்குத் தெரியவில்லை. லிப்ட் மெக்கானிக்காக இருந்த காலத்தில், மூன்றாம் மாடியில் கயிறு முனகினால் தரைத்தளத்தில் நின்றபடி என்ன பழுது என்று சொன்னவன் நான். இவள் பழுப்பு நிறக் கோப்பைகளை எல்லாம் ஒழித்துவிட்டு வெள்ளைக் கோப்பை வாங்கியபோது என்ன புதுமோகம் என்று கேட்டேன், காபி நிறைவது கண்ணுக்குத் தெரியத்தான் என்று இப்போதுதான் உறைக்கிறது. தெருவில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது இந்த வயசில் இவளுக்கு என்ன ஆசை என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன். நினைக்க நினைக்க என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். மழுப்பவில்லை. கதவு நிலையில் ரெண்டு தடவை இடிச்சுக்கிட்டப்பவே தெரிஞ்சுபோச்சு, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்னு விட்டுட்டேன் என்றாள். அப்புறம், நம்ம பொண்ணு ரெண்டு தடவை கிடைக்காம மூணாவது தடவைதான் அந்த வேலையில சேர்ந்திருக்கா, தெரிஞ்சா பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்து நிப்பா, அவளுக்கு மட்டும் எழுதிராதீங்க என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கோபத்தைத்தான் காட்டினேன், சாப்பிடாமல் எழுந்து போய்விட்டேன், செய்திருக்கக் கூடாது.

புதன்கிழமை கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரு கிண்ணம் மாதிரி மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, உள்ளே வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலிருக்கிற பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மெஷின் உள்ளே நகர்கிற சத்தம் கேட்கிறது, பொத்தான் சத்தம் கேட்கவில்லை. மறுபடி மெஷின், மறுபடி ஒன்றும் இல்லை. எப்போதாவது ஒரு க்ளிக். அந்தப் பத்து நிமிஷத்தை என்னால் இன்னும் தாண்ட முடியவில்லை அம்மாடி. கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பு செத்துக்கொண்டே வந்திருக்கிறதாம். வலது கண் அநேகமாகப் போய்விட்டது, இடது கண்ணில் பாதிதான் மிச்சம். போனது திரும்பாது, இருப்பதை மருந்தாலும் அடுத்த மாதம் ஒரு சின்ன ஆபரேஷனாலும் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. ஒரு வருஷம் முந்தி வந்திருந்தால் என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். உன் அம்மாவோ சர்வ சாதாரணமாக உட்கார்ந்திருந்தாள். பொழுது எப்படிப் போகுது என்று அவர் கேட்டதற்கு, ரோமாபுரி சாமிங்களை எல்லாம் வீட்டுல கூட்டி வச்சிருக்கேன், கண்ணுக்குன்னு ஒருத்தரும் சிக்கலை டாக்டர் என்று சிரித்தாள். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் அவர், இது குடும்பத்துல இறங்கும், வலியே இருக்காது, பாதி போற வரைக்கும் தெரியாது, பிள்ளைங்க இருக்காங்களா, பார்க்கச் சொல்லுங்க என்றார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவளின் முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்குமா என்று கேட்டாள். வெளியே வந்து செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல், எழுதிடுங்க, எல்லாத்தையும் எழுதிடுங்க, இன்னிக்கே எழுதுங்க என்றாள். அவ்வளவு நாள் மூடி வைத்ததை அந்த ஒரு வார்த்தை உடைத்துவிட்டது.

சொட்டு மருந்து காலையும் மாலையும் நான்தான் விடுகிறேன், முதல் நாள் பாதி கன்னத்தில் வழிந்தது, இப்போது கை பழகிவிட்டது. வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடாதே, ஆபரேஷனுக்கு லென்ஸ்காரர் கூட வருகிறேன் என்றிருக்கிறார், அவரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். உனக்கு லீவு கிடைக்கிறபோது வந்தால் போதும். ஆனால் இந்த வாரமே கண் டாக்டரிடம் போ. எனக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது என்று சொல்லாதே, அவளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையைக் கூட அழைத்துக்கொண்டு போ. நீங்கள் இருவரும் எல்லா வளமும் பெற்று நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா

அம்மா எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா கண்டுக்காதே. இவர் எழுதினதைப் படிச்சுக் காட்டினார், நான் செத்துப்போன மாதிரி எழுதியிருக்கார். அதை நம்பாதே. நீ டாக்டரைப் பார்த்துட்டு உடனே பதில் போடு. பெரிய எழுத்தா எழுது, நானே படிச்சுக்கறேன்.