எண்ணெய் பூசிய ராடுகள்

சாரா அப்பாவுக்கு,

ஜீப்பை விற்பதா வேண்டாமா என்று தொடங்கிய பேச்சு அன்று எங்கெங்கோ போய்விட்டது. அதைப் பற்றி எழுதவில்லை. எஞ்சின் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

காப்பி பழுத்துவிட்டது. மாரமங்கலத்திலிருந்து மூட்டைகளை இறக்க வண்டி வேண்டும். நீங்கள் பாதியில் பிரித்துப் போட்டுவிட்டு சேலத்துக்கு உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனீர்கள் அல்லவா, அதை நானே பூட்டுகிறேன். மெக்கானிக் ரொனால்ட் கூட இருக்கிறார். பிஸ்டன் ராடுகளுக்கு பேரிங் போடுவதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு ராடின் கேப் மூடியை இன்னொன்றில் மாட்டினால் கிராங்க் தண்டு சுற்றாமல் இறுகிவிடும் என்று நீங்கள் சொன்னது நினைவிருந்தது.

ஷெட்டில் நீங்கள் கட்டி வைத்துப் போன சாக்கை அவிழ்த்தேன். ஒவ்வொரு ராடும் அதனதன் கேப்போடு கட்டியிருந்தது. துருப்பிடிக்காமல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசியிருந்தது.

"ஏனுங்க்கா, அவரு நொம்பக் கோவமாத்தான் போனாருங்களா? இத்தனை ராடுக்கும் எண்ணெய் பூசறதுக்குள்ள ரெண்டு பஸ் போயிருக்குமுங்களே" என்றார் ரொனால்ட்.

கையைத் துடைத்துக்கொண்டு சற்று நேரம் உள்ளே போய் இருந்தேன்.

புது பேரிங் வைத்து நான்கில் மூன்று ராடுகளை முறுக்கியாயிற்று. கிராங்க்கைக் கையால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. நான்காவதன் நட்டுகளை விரலால் மட்டும் திருகி வைத்திருக்கிறேன். ஏன் என்று ரொனால்ட் கேட்டதற்கு ஸ்பேனரைக் காணவில்லை என்றேன். ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது.

சனிக்கிழமை கடைசி பஸ் வரும் வரை அப்படியே இருக்கட்டும். அதற்குப் பிறகு நானே முறுக்கிவிடுவேன்.

சாரா அம்மா