முதலில் உல்மில் இறங்குவோம்

சங்கரன்கோவில்,
புரட்டாசி வெள்ளி.

அன்பு மகள் இசக்கிச்செல்விக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. கோமதி அம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் உண்டு உறங்கி நன்றாகவே இருக்கிறோம், உன் சுகத்தை மட்டும் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். தினமும் பேசுகிறோமே, இதென்ன புதுசாகக் கடிதம் என்று சிரிப்பாய். நம் வீட்டில் போன் என்றால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் போனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் படிப்பவரும் அவர்தான். அடுத்த தெரு அப்துல் ஜப்பார் அண்ணாச்சி மகன் இர்ஷாத் லீவு முடிந்து மியூனிக் கிளம்புகிறான், அங்கே போய்த் தபாலில் போடச் சொல்லி அவனிடம் கொடுக்கப் போகிறேன். நல்ல பையன், எதற்கு என்று கேட்கவில்லை.

சித்திரையில் நாங்கள் வருகிற ரயில் பயணம்தான் இங்கே மூன்று வேளையும் பேச்சு. ஒரே டிக்கெட்டில் பல நாடு போகலாம், எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்று நீ சொன்னாலும் சொன்னாய், உங்கப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர் இல்லையா, ஐரோப்பா மேப்பைச் சுவரில் ஒட்டி, பெர்லின், ப்ராக், வியன்னா, வெனிஸ், ரோம், ஜூரிச், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று எட்டு ஊரையும் பன்னிரண்டு நாளில் முடித்துவிடுவாராம். அதுகூடப் பரவாயில்லை, பக்கத்தில் காலண்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒவ்வொரு ரயிலுக்கும் சூலம் பார்க்கிறார். பெர்லினிலிருந்து ப்ராகுக்கு வியாழக்கிழமை என்று நீ சொன்னதை, தெற்கே சூலம் என்று அடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை பாரிஸுக்கு மேற்கே போகக்கூடாது, ஆனால் அதை விட்டால் வேறு நாள் இல்லை, அதனால் கொஞ்சம் வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு ஏறினால் தோஷம் இல்லை என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டு, இப்போதே மண்டைவெல்லம் வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறார். சித்திரை வருவதற்குள் எறும்பு நமக்கு முன்னால் பாரிஸ் போய்விடும்.

எனக்கு இந்த ஓட்டம் ஒத்துவராது மக்கா. போன மார்கழியில் நவகைலாயம் பஸ்ஸில் போய் வந்தோமே, ஒரே நாளில் ஒன்பது கோவில். இறங்கு, கும்பிடு, ஏறு, சீக்கிரம் வா என்று கண்டக்டர் விசில் அடித்துக்கொண்டே இருந்தார். எந்தக் கோவிலில் எந்தச் சாமியைப் பார்த்தேன் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. முறப்பநாட்டில் டயர் பஞ்சரானது, ஸ்டெப்னி மாட்டும் வரைக்கும் ஆற்றுப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் வைத்திருந்தேன், பக்கத்தில் ஒரு அம்மா மருமகளைத் திட்டிக்கொண்டே எனக்குப் புளியோதரை கொடுத்தாள், அது மட்டும்தான் மனதில் இருக்கிறது. ஒரு ஊரில் ராத்திரி தூங்கி எழுந்து, முந்தின நாள் டீ குடித்த கடையிலேயே மறுநாளும் குடித்தால்தான் அந்த ஊருக்குப் போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம். மற்றதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். சொல்ல முடியாதது இதுதான். இத்தனை ஊர் பேசினோமே, நீ குடியிருக்கிற உல்ம் அதில் இல்லை. அப்பா கேட்டதற்கு, "இங்கன பாக்க ஒண்ணுமே இல்லப்பா, வெட்டியா ரெண்டு நாள் போயிரும்" என்று சொன்னாய். ஏர்போர்ட்டில் வந்து கூட்டிக்கொண்டு நேரே பெர்லின் ரயில், கடைசியில் ஆம்ஸ்டர்டாமிலேயே பிளைட் ஏற்றிவிடுகிறேன் என்றாய். அவர் சரி என்று தலையாட்டிவிட்டார். எதிர்வீட்டு ஜாய்ஸ் டீச்சரிடம் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன், வானத்தைத் தொடுகிற மாதிரி கோபுரம் உள்ள சர்ச்சும், கரையோரம் வீடுகளும், பெரிய ஆறும் போனில் காட்டினாள். கோபுரம் என்றால் சாப்பாட்டை மறந்து அண்ணாந்து பார்க்கிற மனுஷனிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்லியிருக்கிறாய். நீ பொய் சொல்லிப் பழகாதவள், அதனால்தான் சரியாக வரவில்லை.

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முன்னாலிருந்தே மாப்பிள்ளை முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. ஷிப்ட் என்கிறாய், தூங்குகிறார் என்கிறாய், கடைக்குப் போயிருக்கிறார் என்கிறாய். அப்பா நம்புகிறார். போன வாரம் நீ பேசும்போது உனக்குப் பின்னால் துணி காயப்போடுகிற ஸ்டாண்ட் தெரிந்தது. அதில் இருந்தது முழுக்க உன் துணி. ஒரு ஆம்பளைச் சட்டை இல்லை, ஒரு கைலி இல்லை. நான் பார்த்ததை நீ பார்த்துவிட்டாயோ என்னமோ, போனைச் சட்டென்று ஜன்னல் பக்கம் திருப்பினாய். அன்றைக்கிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை ஏட்டி. நான் நினைப்பது தப்பாக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். சரியாக இருந்தால், இத்தனை நாள் அந்த வீட்டில் ஒற்றையில் உட்கார்ந்துகொண்டு எங்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசினாயே, அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை. யார் தப்பு, என்ன காரணம் என்று விசாரிக்க நான் வரவில்லை. சொல்லத் தோன்றினால் சொல், தோன்றாவிட்டால் சும்மா இரு.

உங்கப்பாவை நினைத்துத்தான் மறைக்கிறாய் என்று தெரியும். மகளும் மருமகனும் ஐரோப்பா முழுக்கச் சுற்றிக்காட்டப் போகிறார்கள் என்று ஒரு டீக்கடை பாக்கியில்லாமல் சொல்லிவிட்டார். அதனால் எனக்கு முட்டிவலி அதிகமாகிவிட்டது, மூன்று ஊருக்கு மேல் ஏறி இறங்க முடியாது, முதலில் மகள் வீட்டில் ஒரு வாரமாவது கால் நீட்டி இருந்தால்தான் மற்றதெல்லாம் என்று சொல்லிவிட்டேன். "எட்டு ஊரு பாக்கப் போறேன்னு சொல்லிட்டு மூணு ஊரப் பாத்துட்டு வந்தா நாலு பேரு என்ன கேப்பான்?" என்று குதித்தார். அப்படியானால் நீங்கள் மட்டும் போய் வாருங்கள் என்றதும் இறங்கி வந்துவிட்டார். இப்போது உல்ம், வியன்னா, அவருக்காகப் பாரிஸ், அவ்வளவுதான். மேப்பையும் காலண்டரையும் திருத்தி முடித்துவிட்டு அடுத்த வாரம் போனில் சொல்லுவார், புதுசாகக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள், முட்டி எப்படி இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை விசாரி. அவரிடம் எப்போது சொல்வது என்பது உன் இஷ்டம். சொல்லும்போது நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். முதலில் கத்துவார், பிறகு எழுந்து வெளியே போவார், திரும்பி வரும்போது உனக்கு ஏதாவது தின்ன வாங்கிக்கொண்டுதான் வருவார், உனக்குத் தெரியாத அப்பாவா.

வேளாவேளைக்குச் சாப்பிடு, பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. அம்மன் கோவில் புற்றுமண் பொட்டலம் இதோடு இருக்கிறது, தினமும் நெற்றியில் இட்டுக்கொள். அம்மன் உன்னைக் கைவிட மாட்டாள், நாங்களும்தான். தீர்க்காயுசாக இரு.

டிக்கெட் போடும்போது மறந்துவிடாதே, முதலில் உல்ம். ஏர்போர்ட்டுக்கு யாரையும் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். நீ மட்டும் வா.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்க மட்டுமே ரயில் ஏறுகிற அம்மா,
கா. சண்முகசுந்தரி