மரகதத்தின் ஏழு துண்டுகள்

இதைக் கண்டெடுப்பவருக்கு, முதலில் சுருக்கம்:

1. சரக்குக் கப்பல் ‘மரகதம்’ பாறையில் மோதி ஏழு துண்டுகளாகி, நார்வேயின் வடகரையில் இருபது மீட்டர் ஆழத்தில் சிதறிக் கிடக்கிறது.
2. அதன் உடல், கிழிந்தால் தானே ஒட்டிக்கொள்ளும் உலோகம். இந்தக் குளிர்நீரில் அந்தத் திறன் மிச்சமிருக்கிறதா என்று அறிவதே எங்கள் வேலை.
3. துண்டுகளுக்கு இடையிலான தூரங்கள் பொருந்தாவிட்டால் பிழை என்னுடையது.

— சேவியர் மோத்தா, ஓய்வு பெற்ற உலோகவியலாளன்

நாள் 1, காலை 9:10

நீர் நான்கு டிகிரி. மூழ்குபவன் என் மனைவியின் தம்பி கஸ்பார். படகில் கயிறு பிடிப்பவன் நான். கயிற்றோடு சேர்ந்து, அவனோடு பேசுவதற்கான கம்பியும் கீழே போகிறது. தூத்துக்குடியில் முத்துக் குளித்த காலத்திலிருந்தே எங்களவர்களிடம் கயிறு மைத்துனன் கையில்தான். வீட்டில் ஒருத்திக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அதை விடமாட்டான்.

முன்பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் இடைவெளி, ஒலியால் தூரம் அளக்கும் கருவியின்படி, முப்பத்தொரு மீட்டர்.

நாள் 2, காலை 10:25

அதே இடைவெளி இருபத்திரண்டு. நேற்று கருவியைச் சரியாக அமைக்காமல் விட்டிருப்பேன். கஸ்பாரிடம் சொன்னேன்.

“அத்தான், கப்பல் என்ன நடந்தா போவுது? கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாருங்க.”

கணக்குத் தாளில் நேற்றைய எண்ணையும் இருபத்திரண்டு என்று மாற்றினேன்.

நாள் 3, காலை 9:40

இன்று ஆறு மீட்டர். கருவியை மறுபடி மறுபடி சோதித்தேன். கஸ்பாரிடம் சொல்லவில்லை, நேற்றைய கேலியே போதும். அவன் நடுப்பகுதியின் எஞ்சின் அறைக்குள் போகிறான்.

10:05

“அத்தான், வந்த வழியக் காணல.”

வரைபடத்தைப் பார்த்து, இடது பக்கம் திரும்பச் சொன்னேன்.

“இடதுல சுவருதான் இருக்கு. நேத்து தொறந்துல்லா கெடந்துச்சு. தூக்குங்க.”

இழுத்தேன். கயிறு எதிலோ இறுகிவிட்டது. ஒலிக்கருவியின் திரையில் ஏழு துண்டுகள் இல்லை. ஒரு கப்பல் இருக்கிறது.

10:11

“காத்து அரை மணி நேரத்துக்கு வரும். அக்காட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க எறங்கிராதீங்க அத்தான், குளத்துலயே தண்ணி குடிச்ச ஆளு நீங்க.”

10:16

கரையிலுள்ள மீட்புக் குழுவுக்குச் சொல்லிவிட்டேன். அவர்கள் வந்துசேர இரண்டு மணி நேரமாகும்.

உடையை மாட்டிக்கொண்டேன். காற்று உருளையின் குழாயை இருமுறை பார்த்தேன், மூன்றாவது முறை பார்க்க நேரமில்லை. வெட்டும் கருவி இருக்கிறது. வெட்டிய இடம் திரும்ப ஒட்டும். அதற்குள் அவன் வெளியே வர வேண்டும்.

என் கயிற்றைப் பிடிக்க ஆளில்லை. படகின் கைப்பிடிக் கம்பியில் கட்டியிருக்கிறேன்.

தொடக்கத்தில் எழுதிய மூன்றாவது குறிப்பு தவறு. தாளில் நான் அடித்து மாற்றிய எண் முப்பத்தொன்று. அது சரியாகத்தான் இருந்