அம்மா, பெரிய வண்டியைத்தான் வாங்கினேன்

என்னைப் பெற்ற சூசையம்மாவுக்கு,

உனக்கு எழுத்துத் தெரியாது. கல்லறை மண்ணுக்குள் தபால்காரன் வரவும் மாட்டான். தெரிந்துதான் எழுதுகிறேன். உனக்குச் சொல்கிற சாக்கில், படிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். அவர்கள் வீட்டு அடுப்பில் வெந்த மீனில் பாதி நீ சுமந்தது.

முதலில் செய்தி. வெள்ளைக்காரன் போய்விட்டான். நீ பார்க்காமல் போய்விட்டாய். கொடி ஏற்றினார்கள், சாந்தோம் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். பஸ்ஸில் மீன்கூடைக்கு மட்டும் இன்னும் இடம் கிடைக்கவில்லை.

இரண்டாவது செய்தி. நான் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டேன். சின்னது இல்லை. பட்டாளத்தில் அமெரிக்கக்காரன் ஓட்டிய பெரிய வண்டி. சிரிக்கிறாயா? குப்பம் முழுக்கச் சிரித்துவிட்டது, நீயும் சிரி. நம் வீட்டில் அப்பா நெட்டை, தம்பி நெட்டை. உன் உயரம் எனக்கு மட்டும் வந்து சேர்ந்தது. போர்க்காலத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபிட்டராக இருந்தபோது, தபால் கொண்டு போகிற மோட்டார் சைக்கிள்காரர் வேலைக்கு மனுப் போட்டேன். சுவரில் கோடு கிழித்து நிற்க வைத்தார்கள். என் தலை கோட்டுக்குக் கீழே நின்றது. உயரம் இருந்தவர்கள் ஓட்டிக் கெடுத்த வண்டிகளை நான் பிரித்துப் பூட்டினேன். பட்டறை வளவுக்குள் ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொல்ல நான் வேண்டும். வாசலைத் தாண்டி ஓட்ட மட்டும் நான் ஆகாது.

அந்தக் கோட்டை நான் மறக்கவில்லை. ஆனால் இந்த வண்டி அதற்காக வாங்கியது இல்லை.

உன் கூடை எனக்கு ஞாபகம் இருக்கிறது. நொச்சிக்குப்பத்தில் வலை வந்ததும் தலையில் ஏற்றிக்கொண்டு தி.நகருக்கு நடப்பாய். கோயில் குளத்தை ஒட்டிய மாட வீதி வழியாகப் போனால் தூரம் குறையும். மீன்காரி வந்தால் மூக்கைப் பிடிப்பார்கள், சிலர் வாயையும் விடுவார்கள். அதனால் சுற்றிப் போவாய். ஒரு மழை நாள் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாய். கண்டக்டர் வந்தான். கூடையின் விளிம்பைப் பிடித்து ரோட்டில் இறக்கி வைத்தான். கூடை இறங்கினால் நீயும் இறங்கத்தானே வேண்டும். அன்றைக்கு நீ அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "மீனு கெட்டுப் போவும், நட" என்றாய்.

போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில் அதே ரோட்டில் நனைந்து வந்து காய்ச்சலில் படுத்தாய். எழுந்திருக்கவில்லை. டாக்டர் நிமோனியா என்று பெயர் சொன்னார். நான் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன். இங்கே எழுதினால் பத்திரிகைக்காரர்கள் அச்சுப் போட மாட்டார்கள்.

உன் வாடிக்கை வீடுகளை அப்பாவின் தங்கை ரோசம்மா அத்தை எடுத்துக்கொண்டாள். உன் நாத்தனாரை உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஆள் தென்னை உயரம், குரல் அதற்கு மேல். இந்த வருஷம் அவள் முட்டி போய்விட்டது. தேனாம்பேட்டை வரைக்கும் நடந்தால் அங்கே உட்கார்ந்துவிடுகிறாள். அவள் போய்ச் சேர்வதற்குள் தி.நகர் வீடுகளில் அடுப்பு மூட்டிவிடுகிறார்கள். மார்க்கெட் குத்தகைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் ஐஸ் போட்டு ஆள் அனுப்பத் தொடங்கினார். நேற்றைய மீன்தான், ஆனால் நேரத்துக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு வீடாக அந்தப் பக்கம் சாய்ந்தது.

இறைச்சி விலக்கிய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மீன் இல்லாமல் தி.நகரில் நம் வேதக்காரர் வீடுகளில் இலை விழாது. முதல் வெள்ளிக்கு அத்தை போய் நிற்காவிட்டால் மிச்ச வீடுகளும் கைவிட்டுப் போகும். அவளுக்குப் புருஷன் கடலில் போனவன், பிள்ளை கிடையாது. அந்த வீடுகள் போனால் அவள் என்ன தின்பாள்? கூடையை மட்டும் யாரிடமாவது கொடுத்து அனுப்பு என்றேன். கேட்டுக்கொள்ளவில்லை. "மீனு பேசாதுடா. நான்தான் பேசணும்" என்றாள்.

ஆகவே எனக்கு வேண்டியது என்னவென்று கணக்கு நேராகிவிட்டது. நான், என் பின்னால் அத்தை, அவளோடு ஒரு நனைந்த கூடை.

தேனாம்பேட்டையில் மௌண்ட் ரோட்டை ஒட்டி மஸ்தான் பாய் என்று ஒருவர், பட்டாளம் கழித்துவிட்ட டிஸ்போசல் வண்டிகளைத் தகரக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார். நான் பெரிய வண்டியைச் சுற்றி வந்ததைப் பார்த்ததும் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"இன்னா நைனா, ஏணி எட்த்துக்கினு வந்துகீறியா?"

ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலும் நுனி விரலில் நின்றன. அவர் ஒரு சின்ன இங்கிலீஷ் வண்டியைத் தட்டிக் காட்டினார். என் சைசுக்கு அதுதான் சரியாம். அதிலும் உட்கார்ந்து பார்த்தேன் அம்மா. பெயருக்குத்தான் சின்னது, அதிலும் என் கால் நுனிவிரலில்தான் நின்றது. கனம் குறைவு, மறுக்கவில்லை. ஆனால் பின்னால் பாரம் ஏறினால் முன்சக்கரம் தரையை மறந்துவிடும். பட்டாளத்தில் அந்த ஜாதி வண்டிகளின் பின்சட்டம் விரிசல் விட்டு வந்ததை என் கையாலேயே ஒட்டியிருக்கிறேன்.

"பின்னாடி ஒரு ஆளு உக்காரணும் பாய். கூடையோட" என்றேன்.

"ஆளு யாரு?"

"எங்க அத்தை."

"அத்தை இன்னா சைசு?"

"பெரிய வண்டி சைசு."

அவர் சிரித்த சிரிப்பில் பீடி அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு மரியாதையாகப் பேசினார். ஆனாலும் விற்க மனசு வரவில்லை. கீழே போட்டால் யார் தூக்குவது, மூன்று நெல் மூட்டைக் கனம் கீது, நீ காலை முறித்துக்கொண்டால் உங்க அப்பன் என் கடை வாசலில் வந்து நிற்பான் என்றார். நல்ல மனுஷன். எல்லாரும் நல்ல மனுஷர்கள்தான். மாதா கோயிலில் முன்பெஞ்சில் உட்காருகிற நம் பங்கு வாத்தியார்கூட, பூசை முடிந்து வெளியே வந்தபோது தோளில் கை வைத்துச் சொன்னார். "அவனவன் உசரத்துக்குத் தக்கனதான் ஆசைப்படணும், சவரி." அவர் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசினார் என்றா நினைக்கிறாய்? கோயிலில் நாம் ஏன் கடைசியில் நின்றோம் என்பதற்கும் அவரிடம் இதே பதில்தான் இருக்கும்.

பட்டாளத்தில் கணக்குத் தீர்த்தபோது கொடுத்ததை முழுசாகப் போட்டுப் பெரியதையே எடுத்தேன்.

வண்டியை எனக்குத் தக்கபடி மாற்றினேன். ஆசனம் ஒரு ஸ்பிரிங் தூணின் மேல் நிற்கிறது. அந்தத் தூணைக் கழற்றி உள்ளே சுருளைக் குறைத்தேன், இரண்டு விரல் உயரம் இறங்கியது. ஆசனத்தின் மூக்கு அகலமாக இருந்ததால் தொடை விரிந்து கால் வெளியே போனது. கச்சேரி ரோட்டில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து உள்திணிப்பைச் சுரண்டி ஒடுக்கினேன். இப்போது கால் நேராக இறங்குகிறது. ஹாண்டில் கம்பியை நெஞ்சுப் பக்கம் இழுத்துப் பூட்டினேன். கிளட்சு இதில் கைக்கு இல்லை, இடது காலுக்கு. ஒருமுறை மிதித்தால் காலை எடுத்தாலும் அப்படியே நின்றுகொள்ளும், காலைத் தரைக்குக் கொடுக்கலாம். குள்ளனை நினைத்து எந்த அமெரிக்கக்காரனும் இதைச் செய்திருக்க மாட்டான். இருந்தாலும் எனக்கு உதவுகிறது.

ஒன்று மட்டும் பழகப் பழகத்தான் வந்தது. நிற்கும்போது இரண்டு நுனிக்காலை நம்பினால் விழுவாய். இடுப்பை ஒரு பக்கம் சரித்து ஒரு காலை முழுசாக ஊன்ற வேண்டும். அபிராமபுரத்துத் தெருக்களில் மத்தியான வெயிலில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நின்று நின்று பழகினேன். பெட்ரோல் கூப்பனுக்கு அலைந்தது தனிக் கதை. லைசென்சும் வாங்கிவிட்டேன்.

பிறகு ஒரு மடத்தனம் செய்தேன். குப்பத்துக்காரனைத் தவிர வேறு எவனும் செய்ய மாட்டான். எல்லாரும் பார்க்கட்டும் என்று வண்டியைக் கரைக்குக் கொண்டுபோய், கட்டுமரங்களுக்குப் பக்கத்தில், இன்னொரு கட்டுமரத்தை விடுகிற மாதிரி மணலிலேயே நிறுத்திவிட்டு இறங்கினேன். வண்டிக்கு ஸ்டாண்டு ஒரு ஒற்றை இரும்புக் கால். நான் முதுகைத் திருப்பியதும் அது மணலில் மெதுவாகப் புதைந்தது. பெரிய வண்டி, செத்த எருமை மாதிரி சாய்ந்து படுத்தது.

கரை முழுக்கச் சிரிப்பு. "குள்ளன் வாங்கின யானை படுத்துக்கிச்சு பாரு" என்று யாரோ கத்தினார்கள். தூக்க வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஒருவன் ஹாண்டிலை, ஒருவன் சக்கரத்தை. வண்டி மணலை உழுததுதான் மிச்சம். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரோசம்மா அத்தை கூடையை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை அம்மா. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் முதல் வெள்ளி.

எல்லாரையும் விலகச் சொன்னேன். நம் ஆட்கள் கட்டுமரத்தை மேட்டுக்கு ஏற்றும்போது கையால் இழுக்கிறார்களா? முதுகைக் கொடுத்து, குதிகாலைப் புதைத்து, பின்னுக்கு நடப்பார்கள். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தினேன். ஆசனத்தில் இடுப்பை முட்டுக் கொடுத்து, ஒரு கையால் ஹாண்டிலையும் மறு கையால் சட்டத்தையும் பிடித்து, பின்னாலேயே நடந்தேன். உயரமானவனுக்கு இதற்கு நன்றாகக் குனிய வேண்டியிருக்கும். நான் பாதி குனிந்தவன்தான். வண்டி எழுந்து நின்றது. சிரிப்பு நின்றது என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் குறைந்தது. அப்பா ஒரு பலகைத் துண்டைக் கொண்டுவந்து ஸ்டாண்டுக்கு அடியில் போட்டார்.

அத்தை பக்கத்தில் வந்தாள்.

"ரோட்டுல உழுந்தாலும் இப்படித் தூக்குவியா?"

"தூக்குவேன்."

"நான் மேல உக்காந்துகினு கீறப்ப உழுந்தா?"

"முதல்ல உன்னைத் தூக்குவேன்."

"மீனைத் தூக்குடா முதல்ல" என்றாள். அதுதான் அவள் வருகிறேன் என்று சொன்ன விதம்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே ஏற வந்தாள். மடியில் வை என்று கெஞ்சினேன். தலையில் இருந்தால்தான் உடம்பு நேராக நிற்கும் என்று சண்டை போட்டாள். கச்சேரி ரோடு தாண்டுவதற்குள் காற்று அவளுக்குப் புத்தி சொல்லி, கூடை மடிக்கு இறங்கியது. நான் சுற்றிப் போகவில்லை. மாட வீதி வழியாகவே விட்டேன். குளக்கரையில் ஒருவர், "இந்த நாத்தத்தை இப்படித்தான் கொண்டுண்டு போகணுமா" என்றார். அத்தை திரும்பிப் பதில் சொல்வதற்குள் நாங்கள் லஸ் முனைக்கே வந்துவிட்டோம். அவளுக்கு அதில் வருத்தம்.

தேனாம்பேட்டை முனையில் போலீஸ்காரர் கையை நீட்டினார். நிறுத்தினேன். சாலை ஓரம் சரிந்திருந்தது. அத்தையின் கனமும் கூடையின் தண்ணீரும் இடது பக்கம் சாய்ந்தன. என் கால் தரையைத் தேடியது. இடுப்பைச் சரித்தேன். பாதம் முழுசாக விழுந்தது. வண்டி சாயாமல் நின்றது. பின்னால் அவள் ஜெபமாலை சொல்கிற சத்தம் கேட்டது. போலீஸ்காரர் கையை இறக்கியதும் கிளம்பினோம்.

தி.நகரில் இரண்டு வீடுகள் ஏற்கெனவே குத்தகைக்காரர் வண்டியில் வாங்கிவிட்டிருந்தன. அத்தை அந்தக் கதவுகளில் நின்று, நாளைக்கு இதைவிட முன்னாலே வருவேன் என்று மட்டும் சொல்லி நகர்ந்தாள். மற்ற வீடுகளில் சட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு ஆபீசர் வீட்டம்மா வாசலில் நின்ற வண்டியையும் என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். உன்னிடம் பத்து வருஷம் வாங்கிய வீடுதான்.

"இப்பத்தான் மோட்டார்ல வந்து எறங்கறியே ரோசம்மா. கால் வலி இல்லையே. வெலையைக் கொஞ்சம் கொறைச்சுக்கக் கூடாதா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறந்தேன். அத்தை என் கையில் ஒரு தட்டுத் தட்டி அடக்கினாள். வஞ்சிரத்தை எடுத்துத் தராசில் போட்டபடி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"சூசையம்மா நடந்தே வந்தாளேம்மா இத்தினி வருசம். அவ காலுக்குன்னு என்னிக்காச்சும் சேத்துக் குடுத்தியா?"

அந்த அம்மா சட்டியை நீட்டினார். வழக்கமான விலையைக் கொடுத்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. நாங்களும் உட்காரப் போகவில்லை.

அம்மா, கரையில் உன்னோடு நடந்தவர்கள் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு வண்டியில் ஒருத்திதான் ஏறலாம். குப்பத்தையே சுமப்பேன் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அந்த பஸ் கம்பெனிக்கு மனு எழுதியிருக்கிறேன். கூடைக்கு டிக்கெட் வாங்கிக்கொள், ஏற்றிக்கொள் என்று. பதில் வராது. மறுபடி எழுதுவேன். அவர்கள் ஏற்றுகிற நாள் வரைக்கும், மழையோ வெயிலோ, ரோசம்மா அத்தை ஒரு நாளும் அந்த ரோட்டில் நடக்க மாட்டாள். இது உன் மேல் சத்தியம். நாளைக்கு முன்னாலே கிளம்ப வேண்டும், அந்த இரண்டு வீடு பாக்கி இருக்கிறது.

உன் வயிற்றில் பிறந்த மூத்தவன்,
சவரிமுத்து