உதயா வரும் நாட்கள்

9 ஜூன் 2025, திங்கள்
நான் வேலை செய்யும் மெடிக்கலில் நல்ல கூட்டம். மாத்திரை வாங்க வந்தவர் போல வரிசையில் நின்றார் கிருஷ்ணன் சார். முறை வந்ததும் மெதுவாகச் சொன்னார்: “உங்க தம்பி ஜாமீன்ல வந்துட்டாம்மா.” சாதிச் சங்கங்களில் சிக்கிய பையன்களை மீட்டு ஊரோடு சேர்க்கிற வேலை அவருக்கு. உதயா ஜெயிலிலேயே சங்கத்தை விட்டுவிட்டானாம். அப்ரூவராகி, கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறானாம். அப்பா வீட்டில் சேர்க்கவில்லையாம். சொந்தத்தில் ஒருத்தராவது பேசினால்தான் தேறுவானாம்.

“என் வீட்டுக்காரருக்குப் பேச்சு வந்துச்சான்னு கேட்டுட்டு வாங்க சார்” என்றேன். அடுத்தவரின் சீட்டை வாங்கினேன்.

11 ஜூன்
மனசு இளகிவிடக் கூடாது. அதற்காக எழுதி வைக்கிறேன்.

உதயா அடிக்கவில்லை. அடித்தது சங்கத்தை நடத்துகிற டில்லிபாபுவும் அவன் ஆட்கள் மூன்று பேரும். உதயா செய்தது ஒரே ஒரு போன். என் கல்யாணத்துக்குப் பிறகு ஏழு மாதம் எங்கள் பக்கமே திரும்பாதவன், அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வளவனைக் கூப்பிட்டு, “பாவா, எங்க வந்துகினு இருக்கீங்க?” என்றான். பேச்சு வளவனின் போனில் பதிவாகியிருந்தது, போலீஸ் ஸ்டேஷனில் போட்டுக் கேட்டேன். வேறு சாதிக்காரன் என்று துப்பிய வீட்டிலிருந்து ஒருவன் அக்கா புருஷன் என்று முறை வைத்து பாவா என்கிறான். வளவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பஸ் எது, எந்த சீட், எல்லாம் சொன்னார்.

கே.ஜி.கண்டிகை ஸ்டாப்பில் பஸ்ஸிலிருந்து இறக்கி, இரும்புக் குழாயால் தலையில். இப்போது வலது பக்கம் அசையாது. பேச்சு இல்லை. வயது முப்பத்தொன்று.

16 ஜூன்
சார் மறுபடி வந்தார். சரி என்றேன். “நான் வேலைக்குப் போற நேரத்துல அவரப் பாத்துக்கட்டும். குளிப்பாட்டட்டும், பீ அள்ளட்டும், சோறு ஊட்டட்டும்.”

சாருக்குக் கண் கலங்கியது. பெரிய மனசும்மா என்றார்.

பெரிய மனசா? அள்ளட்டும். தினமும் அள்ளட்டும்.

17 ஜூன்
வந்தான். இளைத்திருக்கிறான். “அக்கா” என்றான். பக்கெட்டைக் காட்டினேன்.

என் அப்பா வீட்டில் வளவனுக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். நான் உதயாவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறேன். அவன் அதைப் பார்த்தான். பார்க்கட்டும் என்றுதான் வைத்தேன்.

25 ஜூன்
வளவன் லுங்கியிலேயே போய்விடுகிறார். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. பத்து நாள் முன்புவரை கையை ஆட்டிக் கூப்பிடுவார். தலைக்குள் இன்னும் ஏதோ கெட்டுப்போகிறதோ? டாக்டரிடம் போக வேண்டும்.

உதயாதான் துவைக்கிறான். சோப்பில் விரல் எல்லாம் வெடித்திருக்கிறது. பார்க்க நன்றாக இருந்தது.

3 ஜூலை
சங்கத்து ஆட்கள் அவனை வழியில் மடக்கி அடித்திருக்கிறார்கள். உதடு கிழிந்து வந்து நின்றான்.

“என்னா சொன்னாங்க?”

“சாட்சி சொன்னா பாவா கதிதான்னாங்க.”

“வா. அவர் பக்கத்துலயே இன்னொரு பாய் போட்டுடலாம்” என்றேன்.

உட்கார்ந்து வளவனுக்குச் சோறு பிசைந்தான்.

ஏன் இப்படிப் பேசறேன்? எங்கேர்ந்து வருது இது? நிறுத்த முடியல.

13 ஜூலை, ஞாயிறு
பக்கத்து வீட்டு எல்லம்மாள் துணி காயப்போடும்போது கேட்டாள். “ஏன் காஞ்சனா, ஞாயித்துக்கெழம உன் கொடில ஒரு லுங்கிதான் தொங்குது. மத்த நாள்ல நாலு தொங்குது. உன் தம்பி ஞாயித்துக்கெழம வர்றதில்ல இல்ல?”

ஆங் என்றேன்.

14 ஜூலை
லீவு போட்டேன். சமையலறைக்குள் நின்றுகொண்டேன்.

உதயா வாசலில் செருப்பைக் கழற்றினான். “பாவா” என்றான். அவ்வளவுதான். வளவனின் இடது கை பாயை இறுக்கிப் பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டார். லுங்கி நனைந்தது. உதயா பக்கெட்டை எடுத்தான்.

“எத்தினி நாளா இப்படி?” என்று வெளியே வந்தேன்.

“மொத நாள்லேர்ந்தேக்கா.”

“ஏன்டா சொல்லல?”

“சொன்னா தொரத்திடுவ. எனக்குப் போறதுக்கு எடம் இல்லக்கா.”

நாலு வாரம். நாலு வாரமா அவர நான் ஒரு வார்த்த கேக்கல. பேச்சுதான் போச்சு, காது கேக்குதே. தம்பிக்குத் தண்டன குடுக்கறேன்னு என் புருஷனத் தெனம் அதே பஸ் ஸ்டாப்ல எறக்கி உட்டுகினு இருந்திருக்கேன் —

15 ஜூலை
கிருஷ்ணன் சாரைக் கூப்பிட்டேன். அவர் வளவன் எதிரில் தரையில் உட்கார்ந்து கேட்டார். “உதயா இங்க வரலாங்களா? வேணாம்னா கையத் தூக்குங்க.” கேட்டு முடிப்பதற்குள் கை மேலே போய்விட்டது.

“அவன் கோர்ட்ல சாட்சி சொல்லட்டுங்களா?” கை இறங்கியது. ஆமாம் என்று தலையை ஆட்டினார். மூன்று தடவை.

உதயா வெளியே நின்று எல்லாம் கேட்டான். உள்ளே வராமலே போனான். “தப்பு என்மேலதாம்மா, உங்களக் கேட்டேன், அவரக் கேக்கல” என்றார் சார்.

11 செப்டம்பர், வியாழன்
உதயா இப்போது அரக்கோணத்தில் ஒரு பேக்கரியில் இருக்கிறான். சார் சேர்த்துவிட்டார். இன்று சாட்சி சொன்னான். இரண்டு மணி நேரம். டில்லிபாபுவின் ஆட்கள் பின்பெஞ்சில் இருந்து சிரித்தார்கள். ஒரு இடத்தில் நிறுத்தினான். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னான். வெளியே என்னைப் பார்த்து நின்றான். நான் பேசவில்லை. எனக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து வளவனின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோர்ட்டில் நடந்ததைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். அப்புறம் தலையாட்டினார்.

சரியாகக் கேட்க வேண்டும் என்று ஃபேனை நிறுத்தினேன். முதலிலிருந்து சொன்னேன்.